பொம்மை எழுதிய கடிதங்கள்

உங்கள் வீட்டில் நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அவளிடம் ஒரு பொம்மை. அதற்கு ஒரு கண் இல்லை. மூக்கு இருந்த இடத்தில் வெறும் கறை. பாவாடை என்ன நிறமாயிருந்தது என்பது வாங்கி வந்த உங்களுக்கே மறந்து போய்விட்டது. ஆனால் அது பக்கத்தில் இல்லாவிட்டால் குழந்தைக்குத் தூக்கம் வராது. அவள் ஒரு வாய் சாப்பிட்டால் அதற்கும் ஒரு வாய் ஊட்டியாக வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்புகிறீர்கள். வாசற்படி ஏறும்போதுதான் தெரிகிறது: குழந்தை இருக்கிறாள், பொம்மையைக் காணோம்!

அப்புறம் நடக்கும் அமர்க்களத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. "நாளைக்கே இதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கி வருகிறேன்" என்பார் அப்பா. "தொலைந்ததே நல்லது! வீட்டிலுள்ள அழுக்கெல்லாம் அதன் மேல்தான் இருந்தது" என்பாள் பாட்டி. "பிள்ளை பிடிக்கிறவன் கொண்டு போய்விட்டான்" என்று அண்ணன்காரன் தன் பங்குக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பான். நீங்களோ, அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருக்க, "அது நாளைக்குத் தானே வந்துவிடும், கண்ணே! இப்போது தூங்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்புவீர்கள். அழுகை மட்டும் ஓயாது.

இந்த நாலு பதில்களில் எது சரி? நாலும் சரியில்லை என்று ஒருவர் நடத்தியே காட்டியிருக்கிறார். அவருக்குக் குழந்தை குட்டி கிடையாது. அழுத அந்தக் குழந்தைக்கு அவர் மாமனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. வழியோடு போன ஓர் அந்நியர். அதிலும், தமக்கே அதிக நாள் பாக்கியில்லாத ஒரு நோயாளி.

அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கதை என்று சொன்னேனே தவிர, இது கூட இருந்து கண்ணால் பார்த்த ஒரு பெண்மணி சொன்ன விவரம்.

பூங்காவில் ஓர் அழுகை

1923-ஆம் வருஷத்தின் பிற்பகுதி. ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் ஸ்டெக்லிட்ஸ் என்று ஒரு பேட்டை. நகரத்தின் சந்தடி எட்டாத அமைதியான இடம். தோட்டங்களும் மரங்களும் நிறைந்த அந்தப் பேட்டையில் ஒரு பூங்கா உண்டு. உயரமாய், ஒல்லியாய், கரிய கண்களுடன் ஒரு மனிதர் அங்கே அடிக்கடி உலாவ வருவார். சில நாட்களில் அவருடன் ஓர் இளம் பெண்ணும் வருவாள்.

ஒரு நாள் இருவரும் நடந்து கொண்டிருந்தபோது ஒரு சிறுமி தேம்பித் தேம்பி அழுது கொண்டிருந்தாள். பெரியவர்கள் எத்தனையோ பேர் போய் வருகிற இடந்தான். இவர் நின்றார். என்ன சமாசாரம் என்று விசாரித்தார். பொம்மை தொலைந்துவிட்டதாம்.

நீங்களும் நானுமாயிருந்தால், "அடடா, பாவம்!" என்று தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியிருப்போம். அந்த மனிதர் அப்படிச் செய்யவில்லை. உன் பொம்மை தொலையவில்லை, அது பிரயாணம் போயிருக்கிறது என்றார். எனக்கு அது ஒரு கடிதங்கூட எழுதியிருக்கிறது என்றும் சேர்த்துக் கொண்டார்.

சிறுமி அழுகையை நிறுத்தினாள். ஆனால் குழந்தைகளை அவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட முடியுமா? அந்தக் கடிதம் கையில் இருக்கிறதா என்று கேட்டாள், சந்தேகத்தோடு. இல்லை, மறந்து வீட்டில் வைத்துவிட்டேன், நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றார் அவர்.

சொல்லியாகிவிட்டது. நாளைக்குக் கடிதம் வேண்டுமே! மனிதர் நேரே வீட்டுக்குப் போனார். மேஜை முன் உட்கார்ந்தார். எழுத ஆரம்பித்தார்.

யார் அவர்?

அவர் பெயர் பிரான்ஸ் காஃப்கா. இருபதாம் நூற்றாண்டின் மகத்தான எழுத்தாளர்களில் ஒருவர் என்று இன்று உலகம் முழுவதும் ஒப்புக் கொள்ளப்பட்டவர். காலையில் கண் விழித்ததும் தான் ஒரு பூச்சியாக மாறியிருப்பதைக் காணும் மனிதனைப் பற்றிய 'உருமாற்றம்' என்ற கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1915-இல் அது வெளிவந்தது. ஆனால் 1923-இல் அவருடைய பெயர் இலக்கிய ரசிகர்கள் சிலருக்கு மட்டுமே தெரியும்.

பிராக் நகரத்தில் 1883-ஆம் வருஷம் ஜூலை மாதம் 3-ந் தேதி ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் காஃப்கா. சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் நிலையத்தில் 1908 முதல் உத்தியோகம். இயந்திரத்தில் விரலைப் பறிகொடுத்தவன், கையை இழந்தவன், இவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதும், அத்தகைய விபத்துக்கள் நேராமல் தடுக்க யோசனை சொல்வதும் அங்கே அவர் வேலை. பகலெல்லாம் ஆபீஸ், இரவெல்லாம் எழுத்து.

1917-இல் ஒரு நாள் வாயிலிருந்து ரத்தம் வந்தது. க்ஷயரோகம் என்றார்கள் டாக்டர்கள். அந்தக் காலத்தில் அதற்குக் கைகண்ட மருந்து கிடையாது. 'ஸ்ட்ரெப்டோமைசின்' கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல் அல்லவா? நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதாம் சிகிச்சை. உடம்பு மேலும் மேலும் தளரவே, 1922-இல் பென்ஷன் வாங்கிக் கொண்டு வேலையிலிருந்து விலகிவிட்டார்.

மறு வருஷம் கோடையில் பால்டிக் கடற்கரைக்கு ஓய்வுக்காகப் போனார். அங்கே பெர்லினிலிருந்து வந்த யூதக் குழந்தைகளின் விடுமுறை முகாம் ஒன்று நடந்து கொண்டிருந்தது. முகாமில் வேலை பார்த்த பெண் டோரா டயமந்த். போலந்திலிருந்து, ஆசாரமான வீட்டை விட்டு வெளியேறி, தன் காலில் தானே நின்றவள். அவளுக்கு வயது 25, அவருக்கு 40. இருவர் மனமும் ஒன்றுபட்டது. அதே வருஷம் செப்டம்பரில் காஃப்கா பெற்றோரின் வீட்டை விட்டுப் பெர்லினுக்கு வந்தார். நாற்பது வயதில்தான் அவர் முதன் முதலாகத் தனிக் குடித்தனம் என்று ஒன்றை நடத்தினார்! பூங்காவில் அவருடன் உலாவிய இளம் பெண் இந்த டோராதான். பொம்மைக் கடிதங்களைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவளும் அவள்தான்.

கோடிக் கணக்கில் விலைவாசி

குடித்தனம் நடத்த அவர் தேர்ந்தெடுத்த காலம் இருக்கிறதே, அதைவிட மோசமான காலத்தை யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. ஜெர்மனியில் பணத்துக்கு மதிப்பே போய்விட்ட சமயம் அது. 1914-இல் ஓர் அமெரிக்க டாலருக்கு நாலு மார்க்குக்குச் சற்று அதிகம். 1923 நவம்பரில் அதே ஒரு டாலருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்! காலையில் வாங்கிய சம்பளத்தைச் சாயங்காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் அது வெறுங் காகிதம். குடும்பத் தலைவிகள் கூடை நிறைய நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கையளவு சாமான் வாங்கி வந்தார்கள்.

பிராக்கிலிருந்து வரும் பென்ஷனில் காஃப்காவும் டோராவும் காலம் தள்ளினார்கள். பத்திரிகை வாங்குவது கூடக் கட்டுப்படியாகவில்லை. ஊரிலிருந்து வீட்டார் வெண்ணெய்ப் பொட்டலம் அனுப்பினால் அன்று விருந்து. மண்ணெண்ணெய் விளக்கு, ஸ்பிரிட் அடுப்பில் சமையல். வாடகை ஏறவே, நவம்பரில் அதே பேட்டையில் வேறு வீட்டுக்குக் குடி பெயர்ந்தார்கள். வெளியே குளிர், உள்ளே இருமல்.

சகோதரிகளே, இதையெல்லாம் எதற்காகச் சொல்கிறேன் என்றால், பொம்மைக்காக அழுத குழந்தைக்குக் கடிதம் எழுதியவர் பொழுது போகாத பணக்காரர் அல்ல. அவரிடம் மிச்சமிருந்தது கொஞ்சம் மூச்சும் கொஞ்சம் நாட்களுந்தான். அந்த நாட்களிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார்.

பொம்மைக்கு ஏன் வீடு சலித்தது?

முதல் கடிதம் எழுதி முடிந்தது. சும்மா கிறுக்கித் தள்ளிய கடிதமல்ல. தம்முடைய சொந்தக் கதைகளை எழுதும்போது எவ்வளவு தவிப்பும் கவனமும் இருக்குமோ, அத்தனையும் அந்தக் கடிதத்துக்கும் இருந்தது என்று டோரா சொல்கிறாள். குழந்தைதானே, எதையாவது சொன்னால் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

மறு நாள் பூங்காவில் சிறுமி காத்துக் கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே காஃப்கா உரக்கப் படித்துக் காட்டினார்.

பொம்மை என்ன எழுதியிருந்தது தெரியுமா? ஒரே வீட்டில், ஒரே குடும்பத்தோடு எப்போதும் இருப்பது தனக்குச் சலித்துவிட்டதாம். இடம் மாறிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறதாம். உன் மேல் பிரியம் குறைந்துவிடவில்லை. ஆனாலும் கொஞ்ச காலம் நாம் பிரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. தினந்தோறும் கடிதம் போடுவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தது.

பொம்மை கொடுத்த வாக்கைக் காஃப்கா காப்பாற்றினார். தினம் ஒரு கடிதம். பொம்மைகளுக்குக் காலம் வேகமாக ஓடும் போலிருக்கிறது! சில நாட்களுக்குள் அது வளர்ந்து பெரியவளாகிவிட்டது. பள்ளிக்கூடம் போயிற்று. புதிய மனிதர்களோடு பழகிற்று. ஒவ்வொரு கடிதத்திலும் சிரிப்பதற்கு ஏதாவது இருக்கும். அந்தச் சின்னச் சின்ன விவரங்களைக் கேட்கக் கேட்க, பொம்மை எங்கோ நிஜமாகவே நடமாடிக் கொண்டிருப்பது போல் இருக்கும்.

சில நாட்களில் சிறுமிக்குப் பொம்மை தொலைந்ததே மறந்து போயிற்று. இன்றைக்குப் பொம்மை என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அவள் கவலை. வாராவாரம் தொடர்கதைக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு அந்தக் குழந்தையின் மனம் புரியாமலா போகும்?

ஆனால் கடிதங்களின் ஊடே இன்னொன்றும் நடந்தது. உன்னை மறக்கவில்லை என்று பொம்மை ஒவ்வொரு முறையும் சொல்லும். கூடவே, தனக்கு இங்கே வேறு கடமைகள், வேறு அக்கறைகள் வந்துவிட்டன, இப்போதைக்குத் திரும்பி வந்து சேர்ந்திருக்க முடியாது என்றும் ஜாடையாகச் சொல்லி வைக்கும். இப்படிக் குழந்தையின் மனம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பிரிவுக்குப் பக்குவப்பட்டு வந்தது.

கல்யாணத்தில் முடிந்த கதை

எப்படி முடிப்பது? அதுதான் அவரை வாட்டிய கேள்வி. குறைந்தது மூன்று வாரம் இந்தக் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் குழந்தை இரண்டாம் முறையும் பொம்மையை இழந்துவிடும். முதல் இழப்பைவிட அது பெரிய இழப்பு. முடிவு என்பது நிஜமான முடிவாக இருக்க வேண்டும். குழந்தையின் மனத்தில் ஒரு நிம்மதியை உண்டாக்க வேண்டும். காஃப்கா பயந்தே போய்விட்டார் என்கிறாள் டோரா. அவருடைய பெரிய நாவல்கள் மூன்றும் முடிவு பெறாமலே நின்று போனவை என்பதை நினைத்தால் அந்தப் பயம் புரிகிறது.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டார். பொம்மைக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்!

அவசரப்பட்டுத் தாலி கட்டிவிடவில்லை. முதலில் மாப்பிள்ளையைப் பற்றி எழுதினார். பிறகு நிச்சயதார்த்தம். பிறகு கல்யாண ஏற்பாடுகள். அப்புறம் புதுத் தம்பதிகள் குடியேறிய வீட்டைப் பற்றி விஸ்தாரமான வர்ணனை. கடைசியாகப் பொம்மை தன் பழைய தோழிக்கு எழுதியது: இனிமேல் நாம் சேர்ந்திருக்க முடியாது என்பதை நீயே புரிந்து கொள்வாய்.

நம்மூர்ப் பெண்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பொம்மைக் கல்யாணம் விளையாடாத சிறுமி உண்டா? கல்யாணமான அக்கா மாலையும் கழுத்துமாய் வண்டி ஏறிப் போகும்போது வாசலில் நின்று அழுத தங்கை உண்டா இல்லையா? அந்த அழுகை வேறு. தொலைந்ததற்காக அழுகிற அழுகை வேறு. தொலைந்து போனவள் எங்கே என்ன கஷ்டப்படுகிறாளோ என்று நெஞ்சு பதறும். புகுந்த வீட்டுக்குப் போனவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரியும். தன்னை மறக்கவில்லை என்றும் தெரியும். அழுது முடித்ததும் ஒரு திருப்தி வந்துவிடும். எங்கோ பெர்லினில் உட்கார்ந்து காஃப்கா கண்டுபிடித்த முடிவு நம்முடைய வீடுகளில் தாய்மார்கள் அன்றாடம் அறிந்த ஒன்றுதான்.

இதில் மனத்தை உருக்குகிற ஒரு சங்கதி உண்டு. பொம்மைக்குக் கல்யாணம் செய்து வைத்த காஃப்காவுக்குக் கல்யாணம் ஆகவேயில்லை. பெலிஸ் பௌவர் என்ற பெண்ணுடன் இரண்டு முறை நிச்சயமாகி இரண்டு முறையும் முறிந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் அவளுக்கு எழுதியிருந்தும் பலனில்லை. 1919-இல் வேறொரு பெண்ணுடன் நிச்சயமாகி அதுவும் நின்றது. கடைசியில் டோராவை மணக்க விரும்பி அவளுடைய தகப்பனாருக்கு எழுதினார். ஆசாரசீலரான அந்தத் தகப்பனார் தமது மத குருவைப் போய்க் கேட்டார். குரு சொன்ன பதில் ஒரே வார்த்தை: "கூடாது."

குரல் போன பிறகு

1924 மார்ச்சில் உடம்பு மிகவும் மோசமாகிவிட்டதால் காஃப்கா பெர்லினை விட்டுப் புறப்பட்டார். நோய் தொண்டைக்குப் பரவிவிட்டது. வியன்னாவுக்கு அருகே கீர்லிங் என்ற ஊரில் ஒரு சானடோரியத்தில் சேர்த்தார்கள். பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டினார். ஒரு வாயில்லாப் பொம்மைக்குக் குரல் கொடுத்தவர், ஆறு மாதம் கழித்துத் தாமே குரலிழந்து, கடிதத்தால் பேசும்படி ஆயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. அந்த நிலையிலும் தம் கடைசிப் புத்தகத்தின் அச்சுப் பிழைகளைத் திருத்திக் கொண்டிருந்தார். ஜூன் மாதம் 3-ந் தேதி காலமானார். 41 வயது நிரம்ப ஒரு மாதம் பாக்கி. டோரா கடைசி வரையில் அருகிலேயே இருந்தாள்.

காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட் இந்தக் கதையைச் சொல்லும்போது முடிவு வேறு. பெர்லினை விட்டுப் போகும்போது காஃப்கா சிறுமிக்கு ஒரு புதுப் பொம்மையைக் கொடுத்தார். ஊரெல்லாம் சுற்றிய அனுபவத்தால் உன் பொம்மை இப்படி மாறிவிட்டது என்றார் என்பது அவருடைய முடிவு. இதைக் கேட்டவர்கள் மேலும் அழகுபடுத்தி, கடைசிக் கடிதத்தில் பொம்மை வேதாந்தம் பேசியதாகவும் சேர்த்துவிட்டார்கள். கூடவே இருந்து பார்த்த டோரா சொன்னது கல்யாணத்தைத்தான். எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது.

அந்தச் சிறுமியின் பெயரை டோரா சொல்லவில்லை. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஸ்டெக்லிட்ஸில் வீடு வீடாக விசாரித்தார்கள். பத்திரிகைகளில் விளம்பரமும் கொடுத்தார்கள். சிறுமியும் கிடைக்கவில்லை, ஒரு கடிதங்கூடக் கிடைக்கவில்லை. காஃப்காவிடமிருந்து டோரா பத்திரப்படுத்தி வைத்திருந்த காகிதங்களே தப்பவில்லை. 1933-இல் ஹிட்லரின் ரகசியப் போலீஸார் அவற்றை அள்ளிக் கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குடும்பத்தையும் கொடுமை விடவில்லை. காஃப்காவின் தங்கைகள் மூவரும் நாஜிகளால் மாண்டனர். அவருடைய செல்லத் தங்கை ஓட்லா, 1943-இல் சிறைமுகாமிலிருந்து சுமார் 1,200 அநாதைக் குழந்தைகளை ரெயிலேற்றியபோது, அவர்களுக்குத் துணையாகத் தானும் வருகிறேன் என்று போனாள். அந்த ரெயில் ஆஷ்விட்ஸுக்குப் போயிற்று. அழுகிற குழந்தையைத் தாண்டிப் போக அந்த வீட்டில் யாருக்கும் முடியவில்லை.

டோரா இங்கிலாந்து போய்ச் சேர்ந்து 1952-இல் லண்டனில் காலமானாள். அவள் சொல்லிவிட்டுப் போன இந்தச் சம்பவத்தை வைத்து ஸ்பெயின் எழுத்தாளர் ஜோர்டி சியரா இ பாப்ரா ஒரு புத்தகமே எழுதினார். தொலைந்து போன கடிதங்களை அவர் கற்பனையில் எழுதினார். 2007-இல் அதற்கு அந்நாட்டின் தேசியப் பரிசு கிடைத்தது.

பொய் சொல்லலாமா?

"எல்லாம் சரி, ஆனால் குழந்தையிடம் பொய் சொன்னது தப்பில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பொம்மை கடிதம் எழுதாது, அது பொய்தான். நாம் சொல்கிற "நாளைக்கு வந்துவிடும்" என்பதும் பொய்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாம் சொல்கிற பொய் நமக்காக. குழந்தை இப்போது வாயை மூட வேண்டும், நமக்கு வேலை நடக்க வேண்டும். நாளைக்குப் பொம்மை வராதபோது குழந்தைக்கு இரண்டு நஷ்டம்: பொம்மையும் போச்சு, அம்மாவின் வார்த்தையும் போச்சு. காஃப்கா சொன்ன பொய்யின் பாரத்தை மூன்று வாரம் அவரே சுமந்தார். அவர் எழுதிய ஒவ்வொரு கடிதமும் குழந்தையை ஓர் உண்மைக்குத்தான் அழைத்துச் சென்றது. நாம் நேசிப்பவர்கள் நம்மை விட்டுப் போக நேரும். போனாலும் நம் மீது வைத்த பிரியம் பொய்யாகிவிடாது. இதைவிடப் பெரிய உண்மையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ஒரு டாக்டரின் சாட்சி

அழுக்குப் பொம்மையின் மகிமையைப் பற்றி வைத்திய சாஸ்திரமும் பேசியிருக்கிறது. இங்கிலாந்தில் டானல்ட் வினிகாட் என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். சுமார் 40 வருஷம் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாய்மார்களையும் குழந்தைகளையும் பார்த்தவர். அவர் 1951-இல் ஒரு கட்டுரை வாசித்தார். குழந்தை விடாமல் கட்டிக்கொண்டு திரியும் துணித் துண்டு, போர்வை முனை, கரடிப் பொம்மை இவற்றைப் பற்றித்தான்!

அவர் சொன்னதன் சாரம் இதுதான். பிறந்த குழந்தைக்குத் தான் வேறு, அம்மா வேறு என்று தெரியாது. சில மாதங்கள் போன பிறகு, அம்மா எப்போதும் பக்கத்தில் இருக்க மாட்டாள் என்பது மெள்ளத் தெரிய வருகிறது. அந்தப் பொல்லாத சமயத்தில் குழந்தை கையில் கிடைத்த ஏதோ ஒன்றைப் பற்றிக் கொள்கிறது. அது அம்மாவும் அல்ல, தானும் அல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம். குழந்தை தனக்கென்று சம்பாதித்த முதல் சொத்து அதுவே.

ஆகவே, அதைத் துவைக்கக் கூட யோசிக்க வேண்டும் என்றார் வினிகாட். அந்த வாசனையும் அழுக்குமே குழந்தைக்கு அடையாளம். துவைத்துவிட்டால் பழைய பொம்மை போய் வேறு பொம்மை வந்தது போலாகிவிடும். 'இதைவிடப் பெரிதாக வாங்கித் தருகிறேன்' என்று அப்பா சொன்னது ஏன் பலிக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? பெரிய பொம்மை கடையில் இருக்கிறது. அவள் கேட்பதோ கடையில் இல்லாத ஒன்று. 'அழுக்கு மூட்டை' என்று பாட்டி சொன்னது ஏன் குழந்தைக்கு அவ்வளவு உறைத்தது என்பதும் புரிகிறதா?

இன்னொன்றும் சொன்னார். பொம்மையைப் பிடுங்க வேண்டாம். நாள் ஆக ஆகக் குழந்தையே அதை விட்டுவிடும் என்றார். அதற்காக அழவும் அழாது. மறந்ததாகவும் சொல்ல முடியாது. மனம் விரிய விரிய, அந்தப் பிரியம் விளையாட்டிலும் பாட்டிலும் கதையிலும் பரவிவிடும். காஃப்கா மூன்றே வாரத்தில் செய்தது ஏறக்குறைய இதைத்தான். பொம்மையிடமிருந்த பிரியத்தை ஒரு கதைக்கு மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த முறை

"நாங்கள் எல்லோரும் காஃப்காவா? மூன்று வாரம் கடிதம் எழுத எங்களுக்கு நேரம் ஏது?" என்கிறீர்களா? வாஸ்தவந்தான். கடிதம் எழுத வேண்டாம். அடுப்பைச் சற்றே தணித்துவிட்டு ஐந்து நிமிஷம் குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். பொம்மையின் பெயர் என்ன என்று கேளுங்கள். அதற்கு என்ன பிடிக்கும், இருட்டென்றால் பயமா, இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று கேளுங்கள். மீதிக் கதையைக் குழந்தையே சொல்லும். நடுநடுவே அழும்; அழட்டும். சின்னக் கைகளுக்குள் இருந்தது தொலைந்தபோது அது சின்ன நஷ்டம் என்று நமக்குத்தான் தோன்றுகிறது.

இன்னொன்று. தெருவிலோ, ரெயிலடியிலோ, கோயில் பிராகாரத்திலோ யாரோ ஒரு குழந்தை தவறவிட்ட பொம்மை கிடந்தால், அதைத் தாண்டிப் போகாதீர்கள். எடுத்துத் தூசி தட்டி, திரும்பி வந்து தேடுகிறவர்கள் கண்ணில் படும்படி ஒரு திண்ணையிலோ மதில் மேலோ உட்கார்த்தி வையுங்கள். உங்கள் பெயர் யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஸ்டெக்லிட்ஸ் பூங்காவில் அழுத அந்தச் சிறுமிக்கும், தனக்குக் கடிதம் படித்துக் காட்டிய மாமா யார் என்று ஒருவேளை கடைசி வரையில் தெரியாமலே இருந்திருக்கலாம். உலகம் போற்றும் எழுத்தாளர் தனக்கென்றே எழுதிய புத்தகம் அது என்பதும் தெரிந்திராது. தன் பொம்மை எங்கோ நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, சௌக்கியமாக இருக்கிறது என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அது போதாதா?